மெக்கென்சி என்ற குடும்பப் பெயர்: வேர் எது? இத்தனை எழுத்துக்கூட்டல்கள் ஏன்?

ஏட்டுவாசி எழுதியது:

காலின் மெக்கன்சி திரட்டிய சுவடிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். தென்னிந்தியாவில் ஊர் ஊராக ஆள் அனுப்பிக் கைபீதுகள் என்ற ஊர் வரலாற்றுக் குறிப்புகளையும் கல்வெட்டுப் படிகளையும் சேர்த்தவர். 1815இல் இந்தியாவின் முதல் தலைமை நில அளவையாளர் ஆனவர். அவருடைய சேகரிப்பில் தென்னிந்திய மொழிச் சுவடிகளின் பெரும்பங்கு சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருப்பது இங்கே பலருக்கும் தெரிந்ததே.

என் கேள்வி அவருடைய பணியைப் பற்றியதல்ல, பெயரைப் பற்றியது. தமிழ் நூல்களில் மெக்கன்சி, மெக்கென்சி, மெக்கன்ஸி, மக்கென்சி என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒலிபெயர்ப்புச் சிக்கல் என்று முதலில் விட்டுவிட்டேன். ஆனால் ஆங்கில ஆவணங்களிலும் இதே நிலைதான். ‘மேக்’ சில இடங்களில் முழுதாக வருகிறது, சில இடங்களில் எம்-சி என்ற இரண்டு எழுத்தாகச் சுருங்குகிறது. அடுத்து வரும் ‘கே’ ஓரிடத்தில் பெரிய எழுத்து, இன்னோரிடத்தில் சிறிய எழுத்து.

‘மேக்’ என்று முழுதாக எழுதினால் ஸ்காட்லாந்துக் குடும்பம், எம்-சி என்று சுருக்கினால் அயர்லாந்துக் குடும்பம் என்று ஒரு பேராசிரியர் சொன்னார். அது சரியா? இன்னொன்று: ஸ்காட்லாந்து மலைநாட்டு மொழியான ஸ்காட்டிஷ் கெயிலிக்கின் நெடுங்கணக்கில் 18 எழுத்துகள்தான். அவற்றில் ‘கே’ இல்லை, ‘இசட்’டும் இல்லை. அந்த மொழியிலிருந்து வந்த பெயரில் இரண்டும் எப்படி நுழைந்தன?

வடமலையான் எழுதியது:

ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னெஸ் பக்கம் பல காலமாக வசிக்கிறேன். இங்கே தெருவுக்கு ஒரு மெக்கென்சி வீடு உண்டு என்பதால் இந்தக் கேள்வி எனக்கு நெருக்கமானது.

கெயிலிக்கில் இந்தப் பெயர் ‘மக் கொஞ்ஞிஹ்’ என்பதற்கு அருகில் ஒலிக்கும். ‘மக்’ என்றால் மகன். ‘கொஞ்ஞஹ்’ என்பது ஆள் பெயர். அழகன், வடிவானவன் என்ற பொருளுடையது. அழகனின் மகன், அவ்வளவுதான். நடுவில் வருவது நம்முடைய ஞகரத்தோடு ஏறத்தாழ ஒத்த ஒலி. ஆங்கிலத்தில் அதற்குத் தனி எழுத்து கிடையாது. இந்தப் பெயர் பட்ட பாடெல்லாம் அந்த ஓர் ஒலியால் வந்தது. பெண்களுக்குக் கெயிலிக்கில் ‘மக்’ வராது, ‘நிக்’ வரும். இன்னாருடைய மகனின் மகள் என்று பொருள். அண்ணன் ‘மக்’, தங்கை ‘நிக்’. ஆங்கிலப் பதிவேடுகள் அதை ஒதுக்கிவிட்டு எல்லாரையும் ‘மேக்’ ஆக்கிவிட்டன.

பேராசிரியர் சொன்னது தவறு. எம்-சி என்பது ‘மேக்’ என்பதன் சுருக்கெழுத்து மட்டுமே. கையால் எழுதியவர்கள் எம்-முக்கு மேலே சின்னதாக ஒரு சி போட்டு, கீழே கோடோ புள்ளியோ இட்டார்கள். அச்சுக்கு வந்தபோது சிலர் அதை எம்-சி ஆக்கினார்கள், சிலர் எம்-முக்குப் பிறகு மேற்கோள் குறி போட்டார்கள், சிலர் விரித்து எழுதினார்கள். மூன்றும் ஸ்காட்லாந்திலும் உண்டு, அயர்லாந்திலும் உண்டு. ஒரே தந்தையின் பிள்ளைகளுக்குத் திருச்சபைப் பதிவேட்டில் வெவ்வேறு விதமாக எழுதியிருப்பது இங்கே வெகு சாதாரணம். எழுதியவர் பாதிரியாரோ அவருடைய எழுத்தரோ. குடும்பத்தைக் கேட்டு எழுதியவர்கள் அல்லர்.

பெரிய ‘கே’, சின்ன ‘கே’ வேறுபாட்டுக்கும் பரம்பரைப் பொருள் எதுவும் இல்லை.

எழுத்தாணி எழுதியது:

‘இசட்’ பற்றி நான் சொல்கிறேன். பழைய கையெழுத்துகளைப் படிப்பதுதான் என் வேலை.

இடைக்கால ஆங்கிலத்திலும், அதற்கு உறவான ஸ்காட்ஸ் மொழியிலும் ‘யோக்’ என்று ஓர் எழுத்து இருந்தது. பார்வைக்கு 3 என்ற எண்ணைப் போல, வால் மட்டும் வரிக்குக் கீழே இறங்கியிருக்கும். பெரும்பாலும் யகர ஒலிக்கு அதை எழுதுவார்கள். கெயிலிக்கின் ஞகர ஒலியைக் காட்ட வேண்டுமானால் ஸ்காட்லாந்து எழுத்தர்கள் ‘என்’னுக்குப் பக்கத்தில் இந்த யோக்கைப் போட்டார்கள். ஆகவே பழைய ஆவணங்களில் இந்தப் பெயரின் நடுவே இருப்பது ‘என்’னும் ‘யோக்’கும்தான். வாய்விட்டுப் படித்தால் ‘மக்கென்யி’, ‘மக்கிஞ்ஞி’ என்று வரும்.

சிக்கல் இரண்டு பக்கமிருந்து வந்தது. அக்காலக் கையெழுத்தில் வால் நீண்ட இசட்டும் யோக்கும் ஒன்றுபோலவே இருக்கும். சொல்லைத் தெரிந்தவனால்தான் பிரித்துப் படிக்க முடியும். பிறகு அச்சு வந்தது. எடின்பரோவில் வால்ட்டர் செப்மனும் ஆண்ட்ரூ மில்லரும் 1508இல் முதல் அச்சுக்கூடத்தை நடத்தினார்கள். மில்லர் பிரான்சில் தொழில் கற்றவர். எழுத்துருக்களும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை. அந்தப் பெட்டிகளில் யோக் கிடையாது. இங்கிலாந்தில் அச்சுக்கோப்பவர்கள் அந்த இடத்தில் ‘ஒய்’யோ ‘ஜி-எச்’சோ வைத்துச் சமாளித்தார்கள். ஸ்காட்லாந்தில் வடிவத்தைப் பார்த்து இசட்டை வைத்தார்கள்.

எனவே ஏட்டுவாசி அவர்களே, அந்த இசட் இசட்டே அல்ல. யோக்கின் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் எழுத்து அது.

கடலோடி எழுதியது:

அப்படியானால் இப்போது எல்லாரும் ‘ஸ’ ஒலியோடு சொல்வது எழுத்தைப் பார்த்துச் சொல்லப் பழகியதா? வேறு பெயர்களிலும் இது நடந்திருக்கிறதா?

எழுத்தாணி எழுதியது:

நடந்திருக்கிறது. ஆனால் எல்லாப் பெயரும் ஒரே வழியில் போகவில்லை.

‘மென்சீஸ்’ என்று நாம் படிக்கும் பெயரைப் பாருங்கள். ஸ்காட்லாந்தில் அதை ‘மிங்கிஸ்’ என்பார்கள். மென்சீஸ் கேம்பெல் என்ற பிரிட்டனின் லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவரை எல்லாரும் ‘மிங்’ என்று அழைத்தது அதனால்தான். ஆஸ்திரேலியப் பிரதமராக இருந்த ராபர்ட் மென்சீஸுக்கும் ‘மிங்’ என்ற பட்டப்பெயர் இருந்தது. அவர் தம் பெயரை இசட் ஒலியோடு சொன்னவர், ஆனாலும் பழைய ஒலிப்பு பட்டப்பெயரில் ஒட்டிக்கொண்டது. ‘டால்சீல்’ என்று எழுதியிருக்கும் பெயரை ‘டீஎல்’ என்று படிக்க வேண்டும். அயர்ஷயர் கடற்கரையிலுள்ள ‘கல்சீன்’ கோட்டையின் பெயர் உள்ளூரில் ‘கலேன்’. ஷெட்லாந்துத் தீவுகளின் பெயரும் இதே விபத்தில் ‘ஜெட்லாந்து’ ஆனது. 1975 வரை அங்கிருந்த மாவட்ட மன்றம் அந்தப் பெயரில்தான் இயங்கியது. அஞ்சல் குறியீடு இன்றும் இசட்-ஈ என்றுதான் தொடங்குகிறது.

மெக்கென்சியில் மட்டும் பழைய ஒலிப்பு முற்றிலும் தோற்றுவிட்டது. பெயர் உலகம் முழுவதும் பரவிய வேகம் அதற்குக் காரணம் என்பது என் எண்ணம். காதால் கேட்டவர்களைவிடக் கண்ணால் படித்தவர்கள் பெருகிவிட்டார்கள்.

பழைய ஒலிப்புக்கு நல்ல சான்று எடின்பரோவில் இருக்கிறது. ரோஸ்ஹாவின் சர் ஜார்ஜ் மெக்கென்சி (1636–1691) அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்து, கவனென்ட்டர் என்ற சமயப் பிரிவினரைக் கடுமையாக ஒடுக்கியவர். மக்கள் அவரை இரத்தக்கறை படிந்தவர் என்றே அழைத்தார்கள். கிரேஃபிரையர்ஸ் இடுகாட்டில் அவருடைய கல்லறை மண்டபம் இருக்கிறது. துணிச்சலைக் காட்ட விரும்பும் சிறுவர்கள் அதன் கதவருகே போய், வெளியே வா பார்க்கலாம் என்று ஒரு பாட்டைக் கத்திவிட்டு ஓடுவார்களாம். அந்தப் பாட்டில் அவர் பெயர் ‘மக்கிங்கி’. இசட் ஒலி அதில் இல்லை. சட்ட ஆவணங்கள் தொலைத்துவிட்ட ஒலிப்பைச் சிறுவர்களின் வாய் காப்பாற்றி வைத்திருக்கிறது.

மாறன்குடி எழுதியது:

‘கெனத்’ என்ற பெயரும் இதுவும் ஒன்றுதானே? அப்படியென்றால் இவர்கள் ஸ்காட்லாந்து அரசர் கெனத் மெக்ஆல்பினின் வழியா?

வடமலையான் எழுதியது:

இல்லை. இந்தக் குழப்பம் பலருக்கும் உண்டு. இங்குள்ள நினைவுப்பொருள் கடைகளில்கூட அப்படி ஒரு வம்சாவளியைக் கேட்டிருக்கிறேன்.

ஆங்கிலத்தில் ‘கெனத்’ என்ற ஒரே பெயருக்குள் கெயிலிக்கின் இரண்டு வேறு பெயர்கள் அடைபட்டிருக்கின்றன. 858இல் இறந்த அரசரின் பெயர் ‘கினைத்’. அயர்லாந்தின் ‘மெக்கென்னா’ குடும்பப் பெயர் அதிலிருந்து வந்தது. மெக்கென்சியின் மூலமோ நான் முன்பு சொன்ன ‘கொஞ்ஞஹ்’; அதன் பழைய வடிவம் ‘கன்னெஹ்’. ஆறாம் நூற்றாண்டில் அயர்லாந்தில் வாழ்ந்த ஒரு துறவிக்கு அந்தப் பெயர்; அயர்லாந்தின் கில்கென்னி ஊர் ‘கன்னெஹின் கோயில்’ என்ற பொருளில் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. ஆக, அரசரோடு உறவில்லை, ஒரு துறவியோடு பெயருறவு உண்டு. எனக்கு இது இன்னும் பிடித்திருக்கிறது.

தாளடி எழுதியது:

குலத்தின் தோற்றக் கதையையும் பேசாமல் விடக்கூடாது. பழைய புத்தகங்களைப் புரட்டுகிறவர்கள் அதை உண்மையென்று எடுத்துக்கொள்கிறார்கள்.

கதை இதுதான். அயர்லாந்தின் ஃபிட்ஸ்ஜெரால்டு குடும்பத்தைச் சேர்ந்த காலின் என்பவர் 1263இல் லார்க்ஸ் போரில் அரசர் மூன்றாம் அலெக்சாந்தருக்காக நார்வேப் படையை எதிர்த்துப் போரிட்டாராம். 1266இல் அரசர் அவருக்கு ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள கின்டெய்ல் நிலத்தையும் எய்லியன் டோனன் கோட்டையையும் பட்டயம் எழுதிக் கொடுத்தாராம். குலத்தின் எல்லாரும் அவர் வழியாம்.

அந்தப் பட்டயம் போலி. 19ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஸ்கீன் போன்ற வரலாற்றாசிரியர்கள் அதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்கள். கதையைப் பரப்பியவர்கள் 17ஆம் நூற்றாண்டுக் குலப் பெரியவர்கள். முதலாம் குரோமார்ட்டி பிரபு அவர்களில் முக்கியமானவர். நார்மன் வழி வந்த குடும்பம் என்றால் அன்றைய பிரபுக்கள் நடுவே மதிப்பு கூடும். கெயிலிக் பேசும் மலைநாட்டு வேளிர் என்று சொல்லிக்கொள்வதில் அந்த மதிப்பு கிடைக்காது.

பழைய சான்று வேறொன்றைச் சொல்கிறது. 1467ஆம் ஆண்டுக் கையெழுத்துப் பிரதி என்று பெயர் பெற்ற கெயிலிக் வம்சாவளித் தொகுப்பில் மெக்கென்சிகளும் மாத்தசன்களும் கில்லியோன் என்ற ஒரே முன்னோனின் கிளைகளாக வருகிறார்கள். அயர்லாந்துப் பிரபு யாரும் அதில் இல்லை. எழுத்தாணி குறிப்பிட்ட சர் ஜார்ஜ் மெக்கென்சி உருவாக்கிய வழக்கறிஞர் நூலகம்தான் 1925இல் ஸ்காட்லாந்தின் தேசிய நூலகம் ஆனது. அந்தப் பிரதி இன்று இருப்பது அங்கேதான்.

மாறன்குடி எழுதியது:

நன்றி. ஆனால் ஒரு குலப்பெயர் வைத்திருக்கும் எல்லாரும் ஒரு முன்னோனின் பிள்ளைகள் என்பதாவது சரிதானே? கில்லியோனோ ஃபிட்ஸ்ஜெரால்டோ, யாரோ ஒருவர்.

வடமலையான் எழுதியது:

அதுவும் இல்லை. மலைநாட்டுச் சிற்றூரில் ஒருவனை அன்றாடம் அழைக்கக் குடும்பப் பெயரே தேவைப்படவில்லை. இன்னாருடைய மகன் இன்னார், அவருடைய மகன் இன்னார் என்று தந்தை வரிசையைச் சொல்வார்கள். கூடவே சிவந்த தலையன், கறுத்தவன் என்று ஓர் அடைமொழி. வாடகை ஏட்டிலோ படைப் பட்டியலிலோ பெயர் ஏற வேண்டும் என்றபோதுதான் குடும்பப் பெயர் வேண்டியிருந்தது. தலைவனின் நிலத்தில் குடியிருந்தவன், அவன் படையில் போனவன், அவன் பாதுகாப்பை நாடி வந்தவன் எல்லாரும் தலைவனின் பெயரை எடுத்துக்கொண்டார்கள். இன்று மரபணுச் சோதனை செய்துகொள்ளும் மெக்கென்சிகள் பல வேறு தந்தை வழிகளில் போய் நிற்பதற்குக் காரணம் இதுதான்.

நிலம் கைமாறியதைப் பார்த்தால் பெயர் பரவிய தடமும் தெரியும். கின்டெய்லில் தொடங்கியவர்கள் கிழக்கே பிராஹன் வரைக்கும் வந்தார்கள். 1610இல் லூயிஸ் தீவு அவர்கள் கைக்கு வந்தது. 1623இல் தலைவருக்கு அரசர் வழங்கிய சீஃபோர்த் பிரபுப் பட்டமும் அந்தத் தீவிலுள்ள கடற்கழியின் பெயரால் அமைந்தது.

ஏட்டுவாசி எழுதியது:

காலின் மெக்கன்சி பிறந்தது லூயிஸ் தீவின் ஸ்டோர்னவேயில் என்று படித்திருக்கிறேன். தொடர்பு இப்போது புரிகிறது. கனடாவின் மெக்கென்சி ஆற்றுக்குப் பெயர் தந்த அலெக்சாந்தரும் அதே ஊர்தானே?

வடமலையான் எழுதியது:

அதே ஊர்தான். அலெக்சாந்தர் மெக்கென்சி 1789இல் அந்த ஆற்றின் வழியே ஆர்க்டிக் கடலை அடைந்தார். 1793இல் நிலவழியாகப் பசிபிக் கரைக்கும் போனார். அவர் அங்கே அலைந்த காலத்தில் காலின் தக்காணத்தில் நிலம் அளந்துகொண்டிருந்தார். ஒரு சிறு துறைமுக ஊரிலிருந்து இருவர்.

காலின் ஸ்டோர்னவேயில் சுங்க அலுவலராக இருந்தவர். சீஃபோர்த் பிரபுவின் ஆதரவும், கணித மேதை ஜான் நேப்பியரின் வழிவந்த நேப்பியர் பிரபுக் குடும்பத்தின் ஆதரவும் அவருக்கு இருந்தன. 1783இல் சென்னை வந்தார். நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர் ஜான்ஸ்டன் அப்போது கணவரோடு மதுரையில் இருந்தார். அந்த வீட்டில்தான் உள்ளூர்ப் பண்டிதர்களோடு காலினுக்கு அறிமுகம் ஏற்பட்டது. சுவடி திரட்டும் ஆர்வம் மதுரையில் வேர் பிடித்தது என்று சொன்னால் மிகையாகாது.

யாழ்வளவன் எழுதியது:

இலங்கைப் பக்கத்திலிருந்து ஒன்று. 1837 முதல் 1841 வரை இங்கே ஆளுநராக இருந்தவர் ஜேம்ஸ் அலெக்சாந்தர் ஸ்டூவர்ட்-மெக்கென்சி. அவர் பிறப்பால் மெக்கென்சி அல்லர், ஸ்டூவர்ட். சீஃபோர்த் பிரபு 1815இல் இறந்தபோது அவருடைய மகன்கள் எல்லாரும் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். சொத்து மூத்த மகள் மேரிக்கு வந்தது. அவரை மணந்ததால் ஸ்டூவர்ட் தம் பெயரோடு மனைவியின் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டார். சொத்தோடு பெயரும் தொடர வேண்டும் என்பது அக்காலப் பிரபுக் குடும்பங்களின் வழக்கம்.

மேரியின் முதல் கணவர் கடற்படைத் தளபதி சர் சாமுவேல் ஹுட். அவர் 1814 டிசம்பரில் சென்னையில் இறந்தார். கணவரைச் சென்னையில் இழந்த பெண்மணி, இருபதாண்டுகளுக்கும் மேல் கழித்து ஆளுநரின் மனைவியாகக் கொழும்புக்கு வந்திருக்கிறார். ஏட்டுவாசி அக்கா, உங்கள் கட்டுரையில் இடமிருந்தால் இதையும் சேருங்கள்; பெயர் தந்தை வழியில் மட்டும்தான் போகும் என்று நினைப்பவர்கள் பார்க்க வேண்டிய குடும்பம் இது.

கடலோடி எழுதியது:

என் கேள்வி நடைமுறை சார்ந்தது. நாங்கள் ஒரு பழைய தோட்டக் கம்பெனியின் காகிதங்களுக்கு அட்டவணை தயாரிக்கிறோம். மெக்கென்சி என்ற பெயரில் பலர் வருகிறார்கள். எழுத்துக்கூட்டல் பக்கத்துக்குப் பக்கம் மாறுகிறது. ஒன்றாக்கிவிடலாமா?

தாளடி எழுதியது:

கூடாது. ஆவணத்தில் எப்படி இருக்கிறதோ அப்படியே பதிவு செய்யுங்கள். இன்று நீங்கள் சீர்படுத்தினால், அந்த எழுத்தர் எப்படிக் கேட்டு எழுதினார் என்ற தடயம் போய்விடும். எழுத்தாணி சொன்ன யோக்கின் கதையே தவறான கூட்டல்களைப் பார்த்துக் கண்டெடுத்ததுதான். அன்றே எல்லாவற்றையும் ஒழுங்காக்கியிருந்தால் நமக்கு என்ன கிடைத்திருக்கும்?

வடமலையான் எழுதியது:

தாளடி ஐயா சொல்வது மூலப் பதிவுக்குச் சரி. தேடுகிறவனை நினைத்தால் எனக்கு ஒத்துவரவில்லை. இங்கே மூதாதையரைத் தேடி வரும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கிறேன். எங்கள் பெயரில் ‘ஏ’ இருக்கிறது, அதனால் எம்-சி பதிவுகளைப் பார்க்கவில்லை என்று சொல்லி, சொந்தக் கொள்ளுத்தாத்தாவையே தாண்டிப் போய்விடுகிறார்கள். ஸ்காட்லாந்தில் அரசுப் பிறப்பு இறப்புப் பதிவு தொடங்கியது 1855 ஜனவரி 1 அன்று. அதற்கு முந்தியவை எல்லாம் திருச்சபைப் பதிவேடுகள். ஸ்காட்லாந்து அரசின் வம்சாவளித் தளத்தில் தேடும்போது எம்-முக்குப் பிறகு நட்சத்திரக் குறி போட்டு, ‘கென்’ எழுதி, மறுபடி நட்சத்திரம் போட்டால்தான் பாதிப் பேராவது அகப்படுவார்கள். ‘கின்’ என்றும் போட்டுப் பார்க்க வேண்டும்.

எனவே மூலக் கூட்டலை ஒரு பத்தியிலும், தேடலுக்கான பொதுக் கூட்டலை இன்னொரு பத்தியிலும் வையுங்கள், கடலோடி. பொதுக் கூட்டல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒன்றாக இருக்கட்டும்.

தாளடி எழுதியது:

இரண்டு பத்தி என்றால் எனக்குத் தடையில்லை. ஆனால் இரண்டாவதைப் பெயர் என்று தலைப்பிடாதீர்கள். ‘தேடல் வடிவம்’ என்று எழுதுங்கள். அச்சாகி வெளிவரும்போது முதல் பத்தியை நீக்கிவிடுகிறார்கள், அதைப் பலமுறை பார்த்துவிட்டேன்.

மாறன்குடி எழுதியது:

தமிழில் ‘மக்கிஞ்ஞி’ என்றே எழுதிவிடலாமே? நம்மிடம் ஞகரம் இருக்கிறது. ஆங்கிலத்தால் முடியாததை நம் எழுத்து செய்கிறது.

எழுத்தாணி எழுதியது:

ஆசை எனக்கும் உண்டு. ஆனால் இன்று அந்தப் பெயரைத் தாங்கி நிற்பவர்கள் ‘மெக்கென்ஸி’ என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். பெயரை உடையவன் எப்படிச் சொல்கிறானோ அப்படி எழுதுவதுதான் மரியாதை. மிங்கிஸ், டீஎல் குடும்பங்கள் பழைய ஒலிப்பை விடாமல் வைத்திருக்கிறார்கள். அவர்களை ‘மென்சீஸ்’, ‘டால்சீல்’ என்று எழுதுவதைத்தான் நம் செய்தித்தாள்கள் முதலில் திருத்திக்கொள்ள வேண்டும்.

காலினைப் பொறுத்தவரை, தமிழ் ஆய்வுலகில் ‘மெக்கன்சி சுவடிகள்’ என்பது நிலைத்துவிட்டது. ஏட்டுவாசி அதையே எழுதட்டும். அடிக்குறிப்பில் கெயிலிக் வடிவத்தையும் யோக்கையும் இரண்டு வரியில் சொல்லிவிட்டால் போதும்.

ஏட்டுவாசி எழுதியது:

அப்படியே செய்கிறேன். கட்டுரையில் ‘மெக்கன்சி’, அடிக்குறிப்பில் ‘மக் கொஞ்ஞிஹ்’. ஆங்கில ஆவணங்களிலிருந்து மேற்கோள் காட்டும் இடங்களில் எழுத்தர் எழுதிய கூட்டலை அப்படியே விட்டுவைக்கப் போகிறேன். யாழ்வளவன் தம்பி, ஸ்டூவர்ட்-மெக்கென்சி ஆளுநராக இருந்த காலத்து ஆவணங்களில் அவருடைய கையொப்பம் எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா? இரட்டைப் பெயரை எங்கே இணைத்தார், ‘கே’யை எப்படிப் போட்டார் என்று தெரிந்தால் அடிக்குறிப்பில் சேர்ப்பேன்.

யாழ்வளவன் எழுதியது:

கொழும்பு ஆவணக் காப்பகத்துக்கு அடுத்த மாதம் போகிறேன், அக்கா. படி எடுக்க அனுமதித்தால் இங்கேயே பதிவிடுகிறேன்.